குரூப் 4-ல் ஜெயித்தாயிற்று, ஆட்களைப் பார்த்தால் வாய் வரவில்லை: புது வி.ஏ.ஓ.வுக்கு ஒரு வழிகாட்டி

குரூப் 4 பணிகளுக்கு நேர்முகத் தேர்வு கிடையாது. 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், ஒரு ஓ.எம்.ஆர். தாள், அவ்வளவுதான். வாயே திறக்காமல் அரசு வேலைக்குள் வந்துவிடலாம். நான்கு பேர் கூடிய இடத்தில் பேச்சு எழாத பிள்ளைகள் நூலக மூலையிலும் மொட்டை மாடியிலும் வருடக்கணக்கில் உட்கார்ந்து படித்து இந்த வழியாகத்தான் வருகிறார்கள். தரவரிசை நன்றாக இருந்தால் கலந்தாய்வில் கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) பதவியை எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம்தான் தெரிகிறது, இந்த வேலையில் பாதிக்கு மேல் வாயால் செய்ய வேண்டியது என்று.

சாதிச் சான்று விசாரணை, வாரிசுச் சான்று விசாரணை, வரப்புத் தகராறு, எரிந்துபோன குடிசை, பயிர்ச் சேதக் கணக்கு, தேர்தல் வேலை, நடுராத்திரியில் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வரும் போன். எல்லாவற்றிலும் எதிரே ஓர் ஆள் நின்றுகொண்டிருப்பார். பெரும்பாலும் கோபமாகவோ அழுதுகொண்டோ.

நானும் இந்தப் பயத்தோடு வருவாய்த் துறைக்குள் வந்தவன்தான். இப்போது சேரப்போகிறவர்களுக்காக, வேலைக்குள்ளேயே இந்தப் பயத்தை எப்படிக் கையாள்வது என்று எழுதுகிறேன்.

முதலில், இது எந்த அளவு என்று பாருங்கள்

புது ஊரில் முதல் வாரம் கூச்சமாக இருப்பது எல்லோருக்கும் உள்ளது. அது தானாகவே போய்விடும். மருத்துவர்கள் சமூகப் பதற்றம் என்று சொல்வது வேறு. பிறர் நம்மை எடைபோடுவார்கள், நம் முகம் சிவப்பதையும் கை நடுங்குவதையும் பார்த்துவிடுவார்கள், கேவலமாக நினைப்பார்கள் என்கிற பயம் ஆறு மாதத்துக்கும் மேலாக விடாமல் இருப்பது. அதற்காகக் கல்யாண வீடு, வங்கி, போன் கால் என்று ஒவ்வொன்றாகத் தவிர்த்துக்கொண்டே வருவது. நடந்து முடிந்த பேச்சை ராத்திரி முழுக்க மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது. இதெல்லாம் உங்களுக்குப் பொருந்தினால் கட்டுரையை முழுதாகப் படியுங்கள். இரண்டாவது வகை அளவு இல்லை, வெறும் கூச்சம்தான் என்றால் படியேறும் பகுதி ஒன்றே போதும்.

வேலை தானாகக் குணப்படுத்தாது

"வேலையில் சேர்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், தண்ணீரில் தள்ளினால் நீச்சல் தானே வரும்" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். நான் இதை நம்புவதில்லை. இருபது வருடம் பொதுமக்கள் நடுவிலேயே உட்கார்ந்திருந்தும் அந்தப் பயம் கொஞ்சமும் குறையாதவர்களைத் துறையிலேயே பார்த்திருக்கிறேன். அவர்கள் கூட்டத்துக்குள் இருந்துகொண்டே ஒளிந்துகொள்ளக் கற்றுக்கொண்டார்கள்.

டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1995-ல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள். இன்றைய சிகிச்சை முறைகள் பலவற்றுக்கு அதுதான் அடிப்படை. பயப்படுகிறவர் எதிரே இருப்பவரைக் கவனிப்பதில்லை, தன்னையே கவனித்துக்கொண்டிருக்கிறார்: குரல் நடுங்குகிறதா, வேர்க்கிறதா, உளறுகிறோமா. அதோடு, கெட்டது நடக்காமலிருக்கச் சின்னச் சின்ன தற்காப்பு வேலைகள் செய்கிறார். கண்ணைப் பார்க்காமல் பேசுவது, பேனாவை இறுக்கிப் பிடிப்பது, ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுச் சொல்வது. ஒன்றும் கெட்டது நடக்கவில்லை என்றால், "நான் பேனாவைப் பிடித்திருந்ததால் தப்பித்தேன்" என்று மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. பயம் அப்படியே நிற்கிறது.

அதனால் இந்த வேலையில் நீங்கள் எத்தனை பேரிடம் பேசுகிறீர்கள் என்பது இரண்டாம்பட்சம். எத்தனை பேரிடம் தற்காப்பு இல்லாமல் பேசுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சேருவதற்கு முன்னால்

பணியமர்த்தல் ஆணை வந்ததும், வட்டாட்சியர் அலுவலகத்தில் சேரும் முன்னால் ஒரு நாள் அந்த ஊருக்குச் சும்மா போய்விட்டு வாருங்கள். பஸ்ஸிலேயே போங்கள். டீக்கடையில் ஒரு டீ குடியுங்கள். "வி.ஏ.ஓ. ஆபீஸ் எங்கேங்க?" என்று யாரிடமாவது வழி கேளுங்கள், உங்களுக்கு இடம் தெரிந்திருந்தாலும் கேளுங்கள். நீங்கள் யாரென்று தெரியாத நாளில் அந்த ஊரோடு பேசும் ஒரே வாய்ப்பு அது. அடுத்த வாரம் முதல் நீங்கள் "புது வி.ஏ.ஓ." ஆகிவிடுவீர்கள்.

அந்த ஊரைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துக் கிராம வி.ஏ.ஓ.வைப் போய்ப் பாருங்கள். அ-பதிவேடு, சிட்டா, அடங்கல், புலப்படங்கள் என்ற நிலக் கணக்குகளையும் வரைபடங்களையும் பட்டியல் போட்டு வாங்குவது ஒரு பக்கம். கூடவே இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த ஊரில் ஓயாத தகராறு எது? ஆபீஸுக்கு அடிக்கடி வருகிறவர்கள் யார்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் முதல் மாதத்தில் உங்களைத் திடுக்கிட வைக்கும் விஷயங்களில் பாதி முன்கூட்டியே தெரிந்ததாகிவிடும். பதற்றக்காரர்களுக்கு எதிர்பாராத ஆள்தான் பெரிய எதிரி.

இந்தப் பதவியின் பின்னணியும் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. பரம்பரையாக வந்த கர்ணம், முன்சீப் பதவிகளை 1980-ல் ஒழித்துவிட்டு அந்த இடத்தில் கொண்டுவந்ததுதான் இது. கொங்குப் பக்கம் பெரியவர்கள் இன்னும் மணியக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய கர்ணம் அந்த ஊர்க்காரர், அவருக்கு எல்லோரையும் தெரியும், எல்லோருக்கும் அவரைத் தெரியும். நீங்கள் தேர்வெழுதி வந்த வெளியூர் ஆள். உங்களுக்கு யாரையும் தெரியாது என்பது ஊருக்கே தெரியும், அதில் யாருக்கும் குறையில்லை. "நான் புதுசுங்க, நீங்க யாருன்னு சொல்லுங்க" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. இந்த உரிமை ஏறக்குறைய ஆறு மாதம் செல்லும். கூச்சப்பட்டு அதை வீணாக்காதீர்கள்.

ஊர் உங்களைப் பார்க்கத்தான் செய்யும்

கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-ல் வெளியிட்ட ஒரு சோதனை பிரபலம். மாணவர்களைச் சங்கடமான ஒரு படம் போட்ட டி-சர்ட்டை மாட்டிக்கொண்டு, மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் போய்வரச் சொன்னார்கள். அறையில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று மாணவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கால்வாசிப்பேர்தான் கவனித்திருந்தார்கள். யாரும் நம்மை அவ்வளவாகப் பார்ப்பதில்லை என்பதற்கு இதைச் சொல்வார்கள்.

சென்னைப் பஸ்ஸில் போகிறவருக்கு இது ஆறுதல். வி.ஏ.ஓ.வுக்கு இது பொருந்தாது. புது வி.ஏ.ஓ. வண்டியை எங்கே நிறுத்துகிறார், எந்தக் கடையில் சாப்பிடுகிறார், யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார் என்று ஊர் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கும். அதனால் "யாரும் பார்க்கவில்லை" என்று உங்களுக்கு நீங்களே பொய் சொல்லிக்கொள்ள வேண்டாம். அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். இவர் அலையவிடுவாரா, உடனே முடித்துக் கொடுப்பாரா? காசு கேட்பாரா? எந்தத் தெருக்காரர்களோடு ஒட்டுவார்? இந்த மூன்றுதான். உங்கள் குரல் நடுங்கியதா என்பது அந்தப் பட்டியலிலேயே இல்லை. பென்ஷனுக்காக நாலு முறை அலைந்த அம்மாவுக்கு உங்கள் உள்ளங்கை வேர்வையைப் பற்றி யோசிக்க எங்கே நேரம்?

படியேறுவது

ஜோசப் வோல்பி என்ற தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் 1950-களில் பயங்களை ஏணிப்படி மாதிரி வரிசைப்படுத்தி, கீழிருந்து ஏறும் முறையைக் கொண்டுவந்தார். 0 முதல் 100 வரை மதிப்பெண் போடும் பழக்கமும் அவரிடமிருந்து வந்ததுதான். வி.ஏ.ஓ. வேலையில் இந்த ஏணி ஏற்கெனவே தயாராக இருக்கிறது, நாம் மதிப்பெண் மட்டும் போட்டால் போதும். ஓர் உதாரணம் தருகிறேன், உங்களுக்கு எண்கள் மாறும்:

- தனியாக வந்த ஒரு பெரியவருக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று விளக்குவது: 20
- தெரியாத எண்ணிலிருந்து வரும் போனை உடனே எடுப்பது: 35
- சான்று விசாரணைக்காகத் தெருவுக்குள் நடந்து போய் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவது: 45
- வருவாய் ஆய்வாளரைக் கூப்பிட்டுத் தெரியாததைக் கேட்பது: 50
- "வருமானத்தைக் குறைத்துப் போடுங்க" என்பவரிடம் முடியாது என்பது: 65
- அண்ணன் தம்பி வரப்புத் தகராறில் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு பேசுவது: 75
- ஜமாபந்தியில் (கிராமக் கணக்குகளை வருடம் ஒருமுறை சரிபார்க்கும் நிகழ்வில்) அதிகாரி முன்னால் கணக்கோடு நிற்பது: 85
- நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டு: 95

வேலை இந்த வரிசைப்படி வராது என்பது உண்மைதான். முதல் நாளே 75 வந்து நிற்கலாம். வந்தால் சமாளியுங்கள், ஆனால் அதைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள். தினமும் நீங்களாகத் தேடிப் போய்ச் செய்யும் ஒரு படி தனியாக இருக்கட்டும். தபாலைக் கொடுத்தனுப்புவதற்குப் பதில் நீங்களே நடந்து போவது, வாட்ஸ்அப்பில் கேட்கக்கூடியதைப் போன் போட்டுக் கேட்பது, இப்படி.

ஒரு சின்ன நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். இடது பக்கம், போவதற்கு முன்னால், என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்கள் என்று எழுதுங்கள். "ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) எரிச்சல்படுவார், இதுகூடத் தெரியாதா என்பார்." வலது பக்கம், முடிந்த பிறகு, நடந்ததை மட்டும் எழுதுங்கள். "பஸ்ஸில் இருந்தார். சர்வே எண் கேட்டார். சாயந்திரம் கூப்பிடச் சொன்னார்." உணர்ச்சி எழுத வேண்டாம், நடந்தது மட்டும். சில சமயம் அவர் உண்மையிலேயே எரிந்துவிழுவார். அதையும் எழுதுங்கள், அதற்கு அடுத்து என்ன ஆயிற்று என்பதையும் எழுதுங்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ராத்திரி மனம் பழைய பேச்சை ஓட்ட ஆரம்பித்தால் இந்த நோட்டைத் திறந்து வலது பத்தியைப் படிக்கலாம்.

ஒளிந்துகொள்ளும் இடங்கள்

அரசு அலுவலகம் மாதிரி ஒளிந்துகொள்ள வசதியான இடம் வேறு இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதல் மறைவிடம் பதிவேடு. ஆள் உள்ளே வந்ததும் அடங்கலைப் பிரித்து வைத்துக்கொண்டு தலை நிமிராமல் "என்ன?" என்பது. இதற்கு மாற்று எளிது: ஆள் வந்தால் பதிவேட்டை மூடுங்கள். உட்காரச் சொல்லுங்கள். முதல் அரை நிமிடம் அவர் சொல்வதை மட்டும் கேளுங்கள். கண்ணையே முறைத்துப் பார்க்க வேண்டியதில்லை, முகத்தைப் பார்த்தால் போதும். அவர் பெயர், சர்வே எண், என்ன வேண்டும் என்ற மூன்றையும் காதால் வாங்கி எழுதிக்கொள்ளுங்கள். கவனம் அவர் பக்கம் போய்விட்டால் உங்களைக் கண்காணிக்க மனதுக்கு ஆள் பற்றாது.

இரண்டாவது செல்போன். வாட்ஸ்அப் குழுவில் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து ஏதாவது விவரம் கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள், அதனால் இது கௌரவமான மறைவிடம். மேஜை டிராயருக்குள் வையுங்கள்.

மூன்றாவது, கிராம உதவியாளர். தலையாரி என்று ஊரில் சொல்வார்கள். அவருக்கு ஊர் முழுக்கத் தெரியும், வாய் இருக்கிறது, உங்களுக்காகப் பேசிவிடுவார். "அண்ணே, நீங்களே சொல்லி அனுப்பிடுங்க" என்று ஆரம்பிக்கும். ஒரு வருடத்தில் அவர்தான் வி.ஏ.ஓ., நீங்கள் கையெழுத்துப் போடும் ஆள். இது பயத்தை வளர்ப்பதோடு நிற்பதில்லை. உங்கள் பெயரைச் சொல்லி வெளியே என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். அவரிடம் கேட்க வேண்டியது வேறு: இந்த வீட்டுக்காரர் யார், இந்த ஒற்றையடிப் பாதை எங்கே போகிறது. முதல் மாதம் அவரோடு தெருத்தெருவாக நடங்கள். அறிமுகம் செய்ய அவர், பேச நீங்கள்.

நான்காவது "நாளைக்கு வாங்க". சங்கடமான பேச்சைத் தள்ளிப்போட இதைவிட எளிய வழி கிடையாது. ஆனால் நாளைக்கு அவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இன்னும் கோபத்தோடு வருவார். உங்கள் 40 அப்போது 70 ஆகியிருக்கும். இன்றே முடியாதென்றால் ஏன் முடியாது, எந்தக் கிழமை, அன்றைக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்று சொல்லி, துண்டுத் தாளில் எழுதியும் கொடுங்கள். "ஆன்லைன்ல போடுங்க" என்று இ-சேவை மையத்துக்கு அனுப்பிவிடுவதும் இதே வகைதான். விண்ணப்பம் ஆன்லைனில்தான் போட வேண்டும், சரி, ஆனால் எந்தத் தாள் இல்லாததால் திரும்பி வந்தது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஐந்தாவதுதான் எனக்கு அதிகம் கவலை தருவது: சிடுசிடுப்பு. பயந்த அதிகாரி சீக்கிரமே கண்டுபிடித்துவிடுகிறார், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டால் யாரும் நெருங்க மாட்டார்கள், இரண்டு வார்த்தையில் பேச்சு முடிந்துவிடும் என்று. ஆள் உள்ளே பயந்து நடுங்குகிறார், வெளியே "அந்த வி.ஏ.ஓ. ரொம்பத் திமிரு" என்று பெயர். அதிகாரம் கொடுக்கும் கவசம் இது, போட்டால் கழற்ற மனம் வராது. அரசு அலுவலகங்களில் நாம் பார்க்கும் கடுகடுப்பில் ஒரு பங்காவது பயம்தான் என்று எனக்கு ஒரு எண்ணம். உங்களை நீங்களே சோதித்துக்கொள்ள ஒரு வழி: இன்று வந்தவர்களில் யாரையாவது பெயர் சொல்லியோ, ஐயா, அம்மா, அண்ணாச்சி என்று அந்த ஊர் முறைப்படியோ கூப்பிட்டீர்களா? ஒருவரையும் இல்லையென்றால் கவசம் ஏறிக்கொண்டிருக்கிறது.

முடியாது என்று சொல்வது

பதற்றக்காரர்களுக்கு இது தனிப் பாடம். நமக்கு அடுத்தவர் முகம் சுளித்தால் தாங்காது. அதனால் சம்மதித்துவிடுவோம். இரண்டாம் மனைவியின் பிள்ளையை விட்டுவிட்டு வாரிசு அறிக்கை கேட்பார்கள், பெரிய மனிதர் ஒருவர் கூடவே வந்து உட்கார்ந்திருப்பார், விசாரிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பினால் இந்தச் சங்கடம் தீரும் என்று தோன்றும். கூச்சத்தில் போட்ட அந்தக் கையெழுத்து பத்து வருடம் கழித்தும் உங்கள் பெயரில்தான் இருக்கும். மேஜையில் மடித்து வைத்துவிட்டுப் போகும் பணமும் அப்படித்தான். வாங்க ஆசை இல்லாவிட்டாலும் திருப்பிக் கொடுக்க வாய் வராமல் மாட்டிக்கொள்ளலாம். "கேட்டு வாங்கவில்லை" என்று லஞ்ச ஒழிப்புத் துறையிடம் விளக்கிக்கொண்டிருப்பதைவிட, அந்த நிமிடமே "எடுத்துக்கோங்க" என்று சத்தமாகச் சொல்வது எளிது. அறையில் இருக்கும் எல்லோர் காதிலும் விழட்டும்.

மறுப்பதற்கு எனக்குப் பழகிய வரிசை இது: முடியாது, இன்ன காரணம், மேலே யாரிடம் முறையிடலாம், நான் என்ன செய்து தர முடியும்.

"முன்னாடி இருந்தவரு பண்ணிக் குடுத்தாரே சார்."

"இருக்கலாங்க ஐயா. பத்திரத்துல இருக்கிற பேரும் இந்தத் தாள்ல இருக்கிற பேரும் வேற வேறயா இருக்கு. இத வச்சு நான் எழுத முடியாது. தாசில்தாரைப் பாத்துக் கேக்கறதுன்னா கேளுங்க. இல்ல, அந்தப் பேரும் இந்தப் பேரும் ஒரே ஆளுதான்னு காட்ட ஏதாவது பழைய தாள் இருந்தா கொண்டாங்க, நானே பாத்துச் சொல்றேன்."

அவர் இன்னொரு முறை கேட்பார். அதே வார்த்தைகளை அதே குரலில் திரும்பச் சொல்லுங்கள். புதிய காரணம் தேடாதீர்கள். ஒவ்வொரு புதிய காரணமும் அவருக்கு ஒரு புதிய கதவு. கடைசியில் அவர் கோபமாக எழுந்து போவார். போகட்டும். அவர் கோபத்தோடு போனதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதுதான் அன்றைய பயிற்சி. பின்னாலேயே ஓடிச் சமாதானம் சொல்லக் கூடாது.

உடம்பு

கை நடுங்கினால் நடுங்கட்டும். மறைக்கப் பேனாவை இறுக்கினால் இன்னும் நடுங்கும். எதிரே ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேண்டுமென்றே மெதுவாகக் கையெழுத்துப் போடுங்கள். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கினால் படபடப்பு கொஞ்சம் தணியும்.

இரண்டு விஷயத்தில் எச்சரிக்கை. மேடைப் பயத்துக்கு நல்லது என்று யாரோ சொன்னார்கள் என்று புரோப்ரனலால் மாத்திரையை மருந்துக் கடையில் நீங்களாக வாங்காதீர்கள். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது ஆபத்து. இன்னொன்று மது. சாயந்திரம் இரண்டு பேரோடு உட்கார்ந்தால் பேச்சு தாராளமாக வருகிறது என்று ஆரம்பித்து, அது இல்லாமல் பேச்சே வராத நிலைக்குப் போனவர்கள் எல்லாத் துறையிலும் உண்டு.

ஜமாபந்தியும் நீதிமன்றமும்

வருவாய்த் துறைக்குப் பசலி ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை பசலி 1434. அதன் கடைசியில், பெரும்பாலும் மே, ஜூனில், வட்டாட்சியர் அலுவலகத்தில் ஜமாபந்தி. மாவட்ட அளவிலான அதிகாரி ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு கிராமத்துக் கணக்கையும் பார்ப்பார், மக்கள் மனு கொடுப்பார்கள், கடைசி நாள் குடிகள் மாநாடு. உங்கள் பிர்க்காவின் (சில கிராமங்கள் சேர்ந்த குறுவட்டத்தின்) எல்லா வி.ஏ.ஓ.க்களும் பார்க்க நீங்கள் கணக்கைக் காட்ட வேண்டும்.

முந்தின வருடம் பக்கத்துக் கிராமத்தில் என்ன கேட்டார்கள் என்று விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். கேள்விகள் பெரிதாக மாறுவதில்லை. கூட்டுத்தொகைகளை நீங்களே ஒரு முறை போட்டுப் பாருங்கள், வேறொருவர் போட்டதை அப்படியே எடுத்துக்கொண்டு போனால் நிற்கும்போது கால் தளரும். பதில் தெரியாவிட்டால் "பார்த்துச் சொல்கிறேன் ஐயா" என்பது ஒழுங்கான பதில். ஊகித்துச் சொன்னால்தான் வம்பு. இன்னொரு யோசனை: உங்கள் முறை வரும்வரை வெளியே வராந்தாவில் நிற்காதீர்கள். உள்ளே நின்று மற்றவர்கள் திட்டு வாங்குவதைப் பாருங்கள். திட்டு வாங்கியவர் அரை மணி நேரத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பார், அதையும் பாருங்கள்.

நீதிமன்றம் எப்படி வந்தது என்றால், போலீஸ் மகஜர் (சம்பவ இடத்தில் பார்த்ததையும் கைப்பற்றியதையும் எழுதும் ஆவணம்) தயாரிக்கும்போது சாட்சியாகப் பெரும்பாலும் வி.ஏ.ஓ.வைக் கூப்பிடுவார்கள். வருடங்கள் கழித்துச் சம்மன் வரும். குறுக்கு விசாரணை செய்யும் வக்கீலின் வேலையே உங்களைத் தடுமாற வைப்பதுதான், அதனால் தடுமாறினால் அது உங்கள் குறை இல்லை. மகஜரில் கையெழுத்துப் போடும் அன்றே நேரம், இடம், யார் இருந்தார்கள், என்ன பார்த்தீர்கள் என்று உங்கள் நாட்குறிப்பில் எழுதிவையுங்கள். பார்க்காத எதற்கும் கையெழுத்து வேண்டாம். கூண்டில் ஏறியதும் கேள்வி வக்கீலிடமிருந்து வரும், பதிலை நீதிபதியைப் பார்த்துச் சொல்லுங்கள். கேட்டதற்கு மட்டும் பதில், ஒரு வாக்கியம். அப்புறம் மௌனம். மௌனத்தை நிரப்பப் பேசுவது பதற்றக்காரர்களின் பழக்கம், வக்கீல்களுக்கு அது தெரியும்.

பயப்பட வேண்டியதற்குப் பயப்படுங்கள்

எல்லாப் பயமும் நோய் இல்லை. 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த வி.ஏ.ஓ. லூர்து பிரான்சிஸ் தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். ராத்திரியில் மணல் லாரியை மறிக்கத் தனியாகப் போவதற்கு நீங்கள் தயங்கினால் அது சமூகப் பதற்றம் இல்லை. அதை ஏணியில் ஒரு படியாக வைத்து ஏறிப் பார்க்காதீர்கள். மிரட்டல் வந்தால் அன்றே எழுத்து மூலம் வட்டாட்சியருக்கும் காவல் நிலையத்துக்கும் தெரிவியுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள், சங்கத்துக்கும் சொல்லுங்கள்.

பெண் அலுவலர்களுக்கு இது இன்னும் முக்கியம். இருட்டிய பிறகு ஆளில்லாத இடத்துக்கு இட ஆய்வுக்கு வரச் சொன்னால் "காலையில் உதவியாளரோடு வருகிறேன்" என்பது சரியான பதில். எது மனம் கட்டும் பயம், எது நிஜ ஆபத்து என்று பிரிக்க ஒரு கேள்வி உதவும்: என் கூட வேலை பார்க்கும் தைரியசாலி இதற்குத் தயங்குவாரா? தயங்குவார் என்றால் நீங்களும் தயங்கலாம்.

எப்போது மருத்துவரிடம் போவது

நான்கைந்து மாதம் இப்படிச் செய்தும் காலையில் ஆபீஸ் கிளம்பும்போது வாந்தி வருகிறது, விடுப்பு போட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், தூக்கமில்லை, அல்லது வாழ்ந்து என்ன என்ற நினைப்பு வருகிறது என்றால் தாமதிக்காதீர்கள். கடைசியாகச் சொன்னது வந்தால் நான்கு மாதமெல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றே பேச வேண்டும். 14416 டெலி-மானஸ் எண், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சிந்தனையையும் நடத்தையையும் சேர்த்து மாற்றும் சிபிடி பேச்சுச் சிகிச்சைதான் இந்தப் பதற்றத்துக்கு முதலில் பரிந்துரைப்பது, தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. ஊரில் தெரிந்துவிடுமே என்ற கவலை இருக்கும். நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. அப்படியும் மனம் ஒப்பவில்லையென்றால் பக்கத்து மாவட்டத்துக்குப் போய்ப் பாருங்கள், போய்ப் பார்ப்பதுதான் முக்கியம்.

இடமாறுதல் வரும்போது

ஒரு ஊரில் நன்றாகப் பழகி, ஜமாபந்தியில் வாய் திறந்து பதில் சொல்லும் அளவுக்கு வந்த பிறகு இடமாறுதல் ஆணை வரும். புது ஊரில் முதல் வாரம் பழைய பயம் அப்படியே திரும்பி வந்து நிற்கும். போன உழைப்பெல்லாம் வீண் என்று நினைத்துவிடாதீர்கள், பயம் இடத்தோடும் ஆட்களோடும் ஒட்டிக்கொண்டுதான் குறைகிறது, புது இடத்தில் கொஞ்சம் மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும். நோட்டில் புதுப் பக்கம் திருப்பி ஏணியை மறுபடி எழுதுங்கள், 20-லிருந்து தொடங்குங்கள். இந்த முறை வாரங்களில் முடியும். அந்த ஊரில் இருந்த வி.ஏ.ஓ.வை ஒரு அரை நாள் கூட வரச் சொல்லி, புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லைக் கற்களைப் பார்த்தபடி நடந்துவிடுங்கள். வயலில் வேலை செய்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். "புதுசா வந்திருக்கேங்க" என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள்.